பித்தளைத் தகட்டிலிருந்து கூட்ஸ் வண்டி: உலோகக் கிட்டில் முதல் வேகன் கட்டுகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்க ரயில்வேயின் சரக்கு வேகன்கள் மாடலாகத் தயாராகக் கடையில் கிடைப்பது அபூர்வம். லிமா கம்பெனியின் பழைய பிளாஸ்டிக் வண்டிகள் சில வீட்டுப் பரண்களில் கிடக்கும், அவ்வளவுதான். நேட்டால் பக்கம் ஓடிய ஒரு குறிப்பிட்ட வேகன்தான் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால், தகட்டை மடித்துப் பற்றவைத்து நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நண்பர்கள் இதைக் கேட்டதும் சொல்லும் முதல் வார்த்தை, "அதுக்குப் பெரிய பட்டறை வேணுமே அண்ணா." வேண்டாம். ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு நல்ல சால்டரிங் அயன், பழைய பல்துலக்கி, கொஞ்சம் பொறுமை போதும். இன்னொரு பயம், ஒரு தடவை தப்பாகப் பற்றவைத்துவிட்டால் கிட், அதாவது வாங்கிய பாகங்களின் தொகுப்பு முழுக்க வீண் என்பது. உண்மை இதற்கு நேர் எதிர். பிளாஸ்டிக்கைப் பசை போட்டு ஒட்டினால் ஒட்டியதுதான். பித்தளையில் சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்த இணைப்பை மறுபடி சூடாக்கினால் கையோடு வந்துவிடும். துடைத்துவிட்டு நேராக வைத்துத் திரும்பப் பற்றவைக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும். மன்னிக்காத பொருள் ஒன்றே ஒன்று உண்டு, வைட் மெட்டல். அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

அளவும் ஆண்டும்

எந்த அளவில் கட்டப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் கிட் வாங்காதீர்கள். இந்த நாட்டு ரயில் கேப் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1067 மி.மீ. உலகமெங்கும் சுலபமாகக் கிடைக்கும் மாடல் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம். 1:64 அளவில் 1067 மி.மீ. சுருங்கினால் 16.67 மி.மீ. வருகிறது, கடைத் தண்டவாளத்தோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். 1:87 என்ற எச்ஓ அளவில் 12.26 வரும், அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் தேட வேண்டும். பிரிட்டிஷ் 1:76 அளவில் 14 வரும்.

நிறையப் பேர் 1:87 வண்டியை 16.5 தண்டவாளத்திலேயே ஓட்டுகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேர் முன்னாலிருந்து பார்த்தால் மட்டும் வண்டி காலை அகட்டிக்கொண்டு நிற்கும். அது அவரவர் விருப்பம். இடம் இருந்தால் 1:64 எடுங்கள் என்பேன். ஆனால் 12 மீட்டர் நீள வேகன் அதில் கிட்டத்தட்ட 19 செ.மீ. வரும், 1:87-ல் 14 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஒற்றை அறையில் லேஅவுட் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 1:64 எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: கரும்புத் தோட்டங்களில் ஓடிய 610 மி.மீ. சின்ன ரயிலை அதே அளவில் 9 மி.மீ. தண்டவாளத்தில் பக்கத்திலேயே ஓட்டலாம்.

அப்புறம் ஆண்டு. டர்பனில் முதல் ரயில் 1860 ஜூன் 26 அன்று பாயிண்ட் துறைமுகத்திலிருந்து ஊருக்குள் ஓடியது. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது. பின்னாளில் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பெருமளவில் வேலைக்கு வைத்த முதலாளிகளில் நேட்டால் அரசு ரயில்வேயும் ஒன்று. அதனால் "கொள்ளுத்தாத்தா தண்டவாளம் போட்ட காலத்து வண்டி" கட்ட வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஆசை வரும். நல்ல ஆசைதான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த முதல் பாதை கேப் கேஜே அல்ல, 1435 மி.மீ. அகலம். 1870-களில்தான் 1067-க்கு மாறினார்கள். எந்தக் காலம் என்று முதலிலேயே தேதி குறித்துக்கொண்டால் கேஜ், கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி), பிரேக், எழுத்து எல்லாம் அதிலிருந்து தானாக முடிவாகிவிடும்.

பழகுவதற்கு முதல் கிட்டாக நாலு சக்கரத் திறந்த வேகன் ஒன்றை எடுங்கள். கூரையோ போகியோ (வண்டிக்கு அடியில் தனியாகத் திரும்பும் சக்கரச் சட்டம்) இல்லாமல், நாலு பக்கமும் ஒரு தரையும் மட்டும் உள்ளது. பிரிட்டனிலிருந்து வரும் 1:76 கிட்டுகளில் இந்த வகை நிறைய உண்டு. அது நம் ஊர் வண்டி இல்லை என்று வருத்தப்பட வேண்டாம், கை பழகத்தானே. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது 15 சதவீத வாட் வரியும் கூரியர் செலவும் சேரும் என்பதை விலையோடு கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம், பேரிங், கப்ளர் இவை கிட்டுக்குள் இருக்கின்றனவா என்று விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள். பல கிட்டுகளில் இருக்காது.

இரண்டு வகை உலோகம்

பெட்டியைத் திறந்தால் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். வண்டியின் பாகங்கள் எல்லாம் அதில் தட்டையாக, சின்னச் சின்னக் காதுகளால் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும். படம் பதித்து அமிலத்தால் அரித்து எடுத்த தகடு இது. பெரும்பாலும் கால் மி.மீ.யிலிருந்து அரை மி.மீ.க்குள் தடிமன். முழு ஆழம் அரித்த இடம் ஓட்டையாகும். பாதி ஆழம் மட்டும் அரித்த கோடு மடிப்புக் கோடாகும். பலகை இடுக்கு, ஆணித் தலை எல்லாம் இதே முறையில் வந்ததுதான்.

கூடவே ஒரு பையில் ஈயம் போன்ற சாம்பல் நிற வார்ப்புகள் இருக்கும். ஆக்ஸில் பாக்ஸ் (அச்சின் முனையைத் தாங்கும் பெட்டி), பிரேக் சிலிண்டர் மாதிரி உருண்டு திரண்ட பாகங்கள். இதுதான் வைட் மெட்டல்; வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்ட கலவை. ஈயம் கலந்ததும் உண்டு. அதனால் வேலை செய்யும்போது டீ, பிஸ்கட் பக்கத்தில் வேண்டாம். எழுந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரம் போட்ட தூளைக் குழந்தைகள் தொடும்படி விடாதீர்கள். சமையல் மேடையில் இந்த வேலையே கூடாது.

முழுக்க வைட் மெட்டலால் ஆன கிட்டும் உண்டு. கட்டுவது சுலபம், ஆனால் வண்டி கல் மாதிரி கனக்கும். பத்து வண்டி சேர்ந்தால் இஞ்சின் மூச்சுத் திணறும்.

கருவிகள்

சால்டரிங் அயனில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள, 50 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட அயன் வேண்டும். ரேடியோ வேலைக்கான ஊசி முனை அயன் இதற்கு உதவாது. பித்தளை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஊசி முனையில் அந்தச் சூட்டைக் கொடுக்க முடியாது. மூன்று, நான்கு மி.மீ. அகலமுள்ள உளி முனை போடுங்கள். பிரிட்டனிலிருந்து தருவித்தால் பிளக் நம் சுவருக்குப் பொருந்தாது, அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள்.

சால்டரில் குறைந்தது இரண்டு வகை. சாதாரண 60/40 (வெள்ளீயம் 60, ஈயம் 40) சுமார் 188 டிகிரியில் முழுதாக உருகும், பித்தளைக்கு அது. வைட் மெட்டலுக்கு 70 டிகிரியில் உருகும் தனி வகை. இடையில் 145 டிகிரி வகையும் கிடைத்தால் வாங்கி வையுங்கள். பெரிய இணைப்பை 188-ல் முடித்துவிட்டு, அதன் மேல் வரும் சின்னப் பாகங்களை 145-ல் வைத்தால் முதலில் வைத்தது கழன்று வராது. அதிகச் சூட்டு வேலை முதலில், குறைந்த சூட்டு வேலை பிறகு. கிட்டின் விளக்கத்தாள் வேறு வரிசை சொன்னாலும் இதை மாற்றாதீர்கள்.

உலோகத்தைச் சுத்தமாக்கிச் சால்டரை ஓடவைக்கும் ஃப்ளக்ஸ், பாஸ்பாரிக் அமில வகைத் திரவமாக இருக்கட்டும். பிளம்பர்கள் பயன்படுத்தும் களிம்பும் வேலை செய்யும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு விடும். அதைக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஃப்ளக்ஸிலிருந்து வரும் புகையை மூக்கில் வாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 70 டிகிரி சால்டரில் சிலவற்றில் காட்மியம் உண்டு. அதற்கும் இதே எச்சரிக்கை.

மற்றவை எல்லாம் சில்லறைச் சாமான்: சின்ன அரங்கள், கூர் கத்தி, ட்வீசர், அரை மி.மீ. துளைக் கம்பிகளோடு கைத் துரப்பணம், ஒரு சின்ன மூலைமட்டம், கண்ணாடிக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு துண்டுக் கண்ணாடி. மரத் துணிக் கிளிப் ஒரு டஜன் வாங்கி வையுங்கள். மரம் சூட்டை இழுக்காது, பாகங்களைச் சேர்த்துப் பிடிக்க அதைவிட நல்லது இல்லை.

வெட்டுவதும் மடிப்பதும்

தகட்டைச் சட்டத்தோடேயே கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சன்லைட் திரவம், கொஞ்சம் ஹேண்டி ஆண்டி, பழைய பல்துலக்கி. பளபளப்பு மங்கி ஒரே சீரான நிறம் வந்தால் போதும். அதன் பிறகு ஓரத்தை மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சால்டர் ஓடாது.

பின்பக்கம் ஆணித் தலைகளுக்கான குழிகள் இருந்தால், பாகத்தை வெட்டி எடுப்பதற்கு முன்பே அவற்றை முன்பக்கம் தள்ளிவிட வேண்டும். கடினமான ரப்பர் அல்லது கட்டிங் மேட் மேல் தகட்டைக் குப்புற வைத்து, மழுங்கிய ஊசி முனையால் ஒவ்வொன்றாக ஒரே அழுத்தத்தில் அழுத்துங்கள். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் பெயின்ட் அடித்த பிறகு பல்லிளித்துக் காட்டும். நீள வரிசையில் தகடு லேசாக வளையும். முடித்ததும் கண்ணாடி மேல் வைத்து விரலால் நீவி நேராக்குங்கள்.

வெட்டும்போது மேட் வேண்டாம். மெத்தென்ற மேட்டில் கத்தியை அழுத்தினால் பாகத்தின் ஓரம் கீழே வளையும். கடினப் பலகை அல்லது பழைய தரை ஓடு மேல் வைத்து அழுத்துங்கள். தேவையான பாகத்தை மட்டும் தேவையான நேரத்தில் வெட்டுங்கள். எல்லாவற்றையும் வெட்டிக் குவித்தால் எது பிரேக் நெம்புகோல், எது கதவுத் தாழ் என்று பிறகு தெரியாது. வெட்டிய இடத்தில் மிஞ்சும் காதை அரத்தால் நீள வாக்கில் தேய்த்து எடுங்கள்.

மடிப்பில் ஒரே விதி: கிட் வேறு மாதிரி சொல்லாத வரை பாதி அரித்த கோடு மடிப்பின் உள்பக்கம் இருக்க வேண்டும். கோட்டை இரும்பு ஸ்கேலின் விளிம்போடு ஒட்டி வைத்து, மேலே இன்னொரு ஸ்கேலால் அழுத்திப் பிடியுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை ஒரு மூலையிலிருந்து விரலால் தூக்காதீர்கள், முறுக்கிக்கொள்ளும். நீளம் முழுவதையும் ஒரு பட்டைக் கத்தியாலோ மூன்றாவது ஸ்கேலாலோ ஒரே நேரத்தில் தூக்குங்கள். மூலைமட்டம் வைத்து 90 டிகிரி பாருங்கள். திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் ஆட்டினால் கோட்டிலேயே முறிந்துவிடும். மடித்த பிறகு உள்மூலை நெடுக மெல்லியதாகச் சால்டர் ஓட்டிவிட்டால் அந்த மடிப்பு ஆயுசுக்கும் அசையாது.

பற்றவைப்பு

முதல் மூலையை நிதானமாகச் செய்யுங்கள்; மற்றதெல்லாம் இதன் மறுபதிப்புதான். பக்கத் தகட்டையும் முனைத் தகட்டையும் கண்ணாடி மேல் நிறுத்தி, மூலைமட்டத்தோடு ஒட்டித் துணிக் கிளிப்பால் பிடியுங்கள். உள்மூலையில் ஒரு தூரிகையால் ஃப்ளக்ஸ் தொடுங்கள். அயன் முனையில் கடுகளவு சால்டர் எடுத்து, மூலையின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். ஃப்ளக்ஸ் சீறும். சால்டர் முதலில் மங்கலான உருண்டையாக நிற்கும். அயனை எடுத்துவிடாமல் ஒரு கணம் பொறுங்கள். தகடு சூடேறியதும் அந்த உருண்டை சட்டென்று பாதரசம் மாதிரி பளிச்சிட்டு, இடுக்குக்குள் தானே ஓடி மறையும். அதுதான் இணைப்பு. உருண்டையாகவே ஆறிப்போனால் வெறும் ஒட்டல், தட்டினால் விழும். சூடு போதவில்லை, அல்லது அழுக்கு.

ஒரு புள்ளியோடு நிறுத்திவிட்டு மறுபடி மூலைமட்டம் வையுங்கள். கோணல் என்றால் அந்த ஒரு புள்ளியைச் சூடாக்கிச் சரிசெய்வது சில நொடி வேலை. நாலு மூலையும் ஒவ்வொரு புள்ளியில் நின்ற பிறகு, வண்டியைக் கண்ணாடி மேல் கவிழ்த்து நாலு ஓரமும் படிகிறதா, ஒரு மூலையைத் தட்டினால் ஆடுகிறதா பாருங்கள். ஆடவில்லையென்றால் மட்டும் மூலைகளை முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். நீளமான இணைப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பில் ஓட்டினால் தகடு விரிந்து நெளியும். நடுவில் கொஞ்சம், இடக்கோடியில் கொஞ்சம், வலக்கோடியில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்தால் நெளியாது.

சால்டர் எப்போதும் உள்பக்கம். வெளியே வழிந்ததைக் கண்ணாடி இழைத் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் அதன் இழை தோலில் ஏறினால் இரண்டு நாளைக்கு அரிக்கும். கையுறை போடுங்கள்.

இப்போது வைட் மெட்டல். இதை நேரடியாகப் பித்தளையில் 70 டிகிரி சால்டரால் ஒட்ட முடியாது. அந்தச் சால்டர் பித்தளையைப் பிடிக்காது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரி, ஒட்டப்போகும் இடத்தில் முதலில் சாதாரண சால்டரால் மெல்லிய பூச்சு கொடுங்கள். பிறகு அயனைக் குறைத்து, ஃப்ளக்ஸ் தாராளமாக விட்டு, 70 டிகிரி சால்டரால் வார்ப்பை வையுங்கள். அயன் சூடு சரியா என்று தெரிந்துகொள்ள வார்ப்போடு வந்த கழிவுத் தண்டில் முனையைத் தொட்டுப் பாருங்கள். தண்டு உருகினால் இன்னும் குறையுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் ஆக்ஸில் பாக்ஸ் கண்முன்னே ஒரு சொட்டாகச் சுருங்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. பயமாக இருந்தால் வெட்கப்படாமல் பிராட்லி போன்ற எபாக்ஸி பசை போடுங்கள். கனமில்லாத வார்ப்புக்கு அது தாராளம். சூப்பர் குளூ மட்டும் தனியாக வேண்டாம், ஒரு அடி பட்டால் தெறித்துவிடும்.

முதலில் ஓடட்டும்

கைப்பிடியும் தாழ்ப்பாளும் வைக்கக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் அடிச்சட்டத்தை முடித்து வண்டியை உருட்டிப் பார்த்தே ஆக வேண்டும். எல்லா அலங்காரமும் முடிந்த பிறகு வண்டி தடம்புரள்கிறது என்று தெரிந்தால், சரிசெய்யப் பிடிக்கிற இடத்திலெல்லாம் ஏதாவது முறியும்.

பித்தளை பேரிங்கை அதன் ஓட்டையில் பொருத்திப் பின்பக்கம் துளி சால்டர் வையுங்கள். குழிக்குள் சால்டர் போகக் கூடாது. நாலு சக்கர வண்டியில் இரண்டு அச்சும் இறுக்கமாக இருந்தால், தண்டவாளம் இம்மி மேடு பள்ளமானாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அதனால் ஒரு அச்சு நிலையாகவும் மற்றது நடுவில் ஊன்றி இரு பக்கமும் ஆடும்படியும் பல கிட்டுகள் வைத்திருக்கும். முக்காலி ஆடாது என்ற அதே தத்துவம். போகி வண்டியில் ஒரு போகி எல்லாப் பக்கமும் தாராளமாக ஆடலாம். மற்றது முன்னும் பின்னும் மட்டும் சாயட்டும், பக்கவாட்டில் சாயக் கூடாது.

உலோக வண்டிக்கே உரிய ஒரு தொல்லை ஷார்ட் சர்க்யூட். பிளாஸ்டிக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதுசு. சில சக்கர ஜோடிகளில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும்தான் மின்காப்பு இருக்கும். மறுபக்கம் அச்சு வழியாக உடம்போடு தொடர்பில் இருக்கும். முன் அச்சில் இடப்பக்கமும் பின் அச்சில் வலப்பக்கமும் உடம்பைத் தொட்டால், பித்தளை உடம்பே இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும், கன்ட்ரோலர் அணைந்துவிடும். எல்லாக் காப்பும் ஒரே பக்கம் வரும்படி மாட்டுங்கள். அதைவிட நல்லது, இரு சக்கரத்துக்கும் காப்புள்ள ஜோடியாகவே வாங்குவது. ஏனென்றால் ஒரே பக்கம் காப்புள்ள வண்டி தனியாக நன்றாக ஓடும். ஆனால் திசை மாற்றிப் போட்ட இன்னொரு உலோக வண்டியோடு உலோகக் கப்ளர் சேர்ந்ததும் மறுபடி ஷார்ட் ஆகும். காரணம் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பிரேக் கட்டைகள் சக்கரத்தைத் தொடாமல் காகிதம் நுழையும் இடைவெளி விடுவதும் இதற்காகத்தான்.

16.5 தண்டவாளத்துக்குச் சக்கரங்களின் உள்முக இடைவெளி 14.4 மி.மீ. அளவில் இருக்கட்டும். எடைக்கு எச்ஓ அளவில் அமெரிக்க மாடலர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: 28 கிராம், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். 15 செ.மீ. வண்டிக்குச் சுமார் 110 கிராம் வரும். பித்தளை வண்டி சில நேரம் இதற்குக் குறையும், தரைக்கு அடியில் ஈயத் துண்டு ஒட்டலாம்.

கப்ளருக்கு நமக்கு ஒரு அதிர்ஷ்டம். பிரிட்டிஷ் வண்டி போல இரு பக்க பஃபர், நடுவில் சங்கிலி என்ற வம்பு இங்கே இல்லை. நம் நாட்டுக் கேப் கேஜில் எல்லாம் நடுக் கப்ளர்தான். ஆரம்பத்தில் கொண்டியும் ஊசியும், 1927-லிருந்து படிப்படியாக இரு கை விரல்கள் மடித்துக் கோத்தது போலப் பூட்டிக்கொள்ளும் அமெரிக்க பாணி நக்கிள் கப்ளர். அதனால் கேடி கம்பெனியின் நக்கிள் கப்ளர், எச்ஓவுக்கு 5-ஆம் எண், 1:64-க்கு 802, அப்படியே பொருந்தும்.

நுணுக்க வேலை

வண்டி வளைவில், தடம் பிரியும் பாயிண்டில், பின்னோக்கி எல்லாம் ஒழுங்காக ஓடினால் இனி ஆசை தீர அலங்கரிக்கலாம்.

ஆனால் முதலில் நிஜ வண்டியைப் பாருங்கள். க்ளூஃபிலிருந்து இன்சாங்கா வரை உம்கேனி ஸ்டீம் ரயில்வே ஓடும் நாளில் குடும்பத்தோடு ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகள் இஞ்சினைப் பார்க்கட்டும், நீங்கள் குனிந்து அடிச்சட்டத்தைப் படம் எடுங்கள். ஜார்ஜ் நகரில் அவுட்டெனிக்வா போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ரயில்வே புகைப்படங்களை ட்ரிசா என்ற பெயரில் இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே மணிக்கணக்கில் மூழ்கலாம். கிட்டோடு வரும் படத்தைவிட ஒரு நல்ல பழைய புகைப்படத்தை நம்புங்கள்.

கைப்பிடிக் கம்பியில் தடிமன்தான் எல்லாம். நிஜத்தில் 25 மி.மீ. கம்பி, 1:64-ல் 0.4 மி.மீ., 1:87-ல் 0.3 மி.மீ. அதற்கு மேல் போனால் வண்டிக்குக் குழாய் மாட்டியது போல இருக்கும். அரை மி.மீ. துளை போட்டு, கம்பியை ப வடிவில் வளைத்து நுழையுங்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகினால் எல்லாக் கைப்பிடியும் ஒரே இடைவெளியில் நிற்கும். உள்பக்கம் சால்டர் தொட்டு, மிஞ்சியதை வெட்டி அரம் போட்டால் முடிந்தது.

அடியில் வேலை அதிகம், பலன் இன்னும் அதிகம். தென்னாப்பிரிக்க ரயில்வேயில் நெடுங்காலம் வாக்குவம் (வெற்றிட) பிரேக்தான்; காற்று பிரேக் 1970-களுக்குப் பிறகு மெல்ல வந்தது. உங்கள் வண்டி 1950-ஐச் சேர்ந்தது என்றால் வாக்குவம் சிலிண்டர் தொங்க வேண்டும், அதிலிருந்து நெம்புகோல், இழுகம்பி, பிரேக் கட்டை என்று ஒரு தொடர்ச்சி இருக்க வேண்டும். யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். வண்டி கண் மட்டத்தில் ஓடும்போது சக்கரங்களுக்கு இடையில் வெளிச்சம் எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது என்பதைக் கண் தானாகக் கவனிக்கும். எல்லாத் தண்டையும் வைக்காவிட்டாலும் பக்கத்திலிருந்து நிழல் தெரிகிறவற்றையாவது வையுங்கள். வாக்குவம் குழாய்க்கு மெல்லிய கம்பியைச் சுற்றிய பழைய கித்தார் தந்தி கச்சிதம்.

பெரும்பாலோர் காட்டாமல் விட்டுவிடுவது தகட்டின் அசலான நெளிவை. புது வண்டி தவிர நிஜத்தில் எந்தத் திறந்த வேகனின் பக்கமும் தட்டையாக இருந்ததில்லை. கிராப் வாளி இடித்து, நிலக்கரி அழுத்தி, உள்ளிருந்து வெளியே தள்ளியிருக்கும். பிளாஸ்டிக்கில் இதைக் காட்டுவது கடினம். பித்தளையில் ஸ்பூன் முதுகால் உள்பக்கம் மெல்ல அழுத்தினால் போதும். தாங்கும் இரும்புகளுக்கு நடுவில் மட்டும், ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு அளவில். உலோகக் கிட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு எனக்கு இந்த ஒரு காரணத்துக்கே நியாயமாகப் படுகிறது.

கழுவுவது, பெயின்ட், அழுக்கு

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் வண்டியை வெந்நீரிலும் சோப்பிலும் தேய்த்துக் கழுவுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், டர்பனின் கடல் காற்றுக்கும் ஈரத்துக்கும் ஃப்ளக்ஸ் தங்கிய இடமெல்லாம் பச்சை பூத்துவிடும். கரண்ட் போன நேரத்தில் அயன் ஆறிப்போய்க் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பதில் கழுவுகிற வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கரண்ட் வேண்டாம்.

வெறும் பித்தளையில் சாதாரண பெயின்ட் நிற்காது, நகம் பட்டால் உரியும். கார் பெயின்ட் கடையில் எட்ச் பிரைமர் ஸ்ப்ரே என்று கேளுங்கள். அதிலுள்ள அமிலம் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும். மெல்லியதாக இரண்டு பூச்சு. முகமூடி போட்டு வெளியில் அடியுங்கள். மழைக்கால ஈரத்தில் அடித்தால் பூச்சு பால் படிந்தது போல வெளுக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று காய்ந்திருக்கும் நாட்களில் பெயின்ட் வேலையை மொத்தமாகச் சேர்த்து முடிப்பது நல்லது. ஜோஹனஸ்பர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அவர்களுக்குத் தூசி.

எழுத்தை ஆண்டுக்குப் பொருத்துங்கள். 1981 வரை ரயில்வேயின் பெயர் எஸ்.ஏ.ஆர்., எஸ்.ஏ.எஸ். என்று ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும். பிறகு சட்ஸ், 1990-லிருந்து ஸ்பூர்நெட். எடை எண்களும் மாறும். 1970-களில் மெட்ரிக் முறை வந்ததால் அதற்கு முந்தைய வண்டியில் கிலோ எழுதக் கூடாது. டிகால் (எழுத்து அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் அடித்தால்தான் ஓரத்தில் வெள்ளைப் படலம் தெரியாது.

அழுக்கில் கை அடங்கட்டும். நிலக்கரி வண்டி என்றாலும் சுத்தக் கறுப்பு பூசாதீர்கள்; காய்ந்த கரித்தூள் சாம்பல் கலந்த கறுப்பு. உள்சுவர் பெயின்ட் போய்த் துரு நிறம், அடிச்சட்டத்தில் பிரேக் கட்டைத் தூள் படிந்த பழுப்பு, டர்பன் பீரியா பக்கத்து வண்டி என்றால் கீழ் ஓரத்தில் கொஞ்சம் செம்மண் சாயல். சுமைக்கு அசல் நிலக்கரியைத் துணியில் சுற்றிச் சுத்தியால் தட்டிச் சலித்துப் போடலாம். கரும்பு ஏற்றுகிறவர்கள் தென்னந்துடைப்பத்து ஈர்க்கின் மெல்லிய நுனிப் பகுதியை மட்டும் எடுத்து, 1:64-க்கு மூன்று செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். அடிப்பகுதி மூங்கில் மாதிரி தெரியும். நேட்டாலில் வெட்டுவதற்கு முன் வயலைக் கொளுத்துவது வழக்கம் என்பதால் பச்சை வேண்டாம். வைக்கோல் நிறத்தில் அங்கங்கே கரிக் கோடு.

கடைசியாக மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் சக்கர விளிம்பில் ஏறிய பெயின்ட்டைத் தின்னரால் துடையுங்கள், பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், கப்ளர் உயரத்தை இன்னொரு முறை பாருங்கள். அடுத்த கிட்டாக டிஇசட் வகை மாதிரி ஒரு போகி வேகனை எடுக்கலாம். பக்கங்கள் தாழ்வு, மடிப்பு குறைவு. போகி இரண்டையும் கட்டுவதுதான் அதில் பாதி வேலை.